கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டைப்பை

கேள்வி: நாங்கள் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், என் மாமியார். துணி வைக்க இருப்பது ஒரே ஒரு சுவர் அலமாரி. மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், கடப்பா கல்லில் ஐந்து தட்டு. கதவைத் திறந்தாலே துணி சரிந்து தலையில் விழுகிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாயிரம் ரூபாய்க்குள் நானே ஏதாவது செய்து ஒழுங்குபடுத்த ஆசை. பைப் மாட்டி ஹேங்கரில் தொங்கவிடலாமா? அட்டைப்பெட்டியில் டிராயர் மாதிரி செய்யலாமா? என் துணிக்கும் மகள் துணிக்கும்தான் இடப்போட்டி. அத்தையால் பிரச்சினை இல்லை. அவர் துணியெல்லாம் ஒரு கட்டைப்பையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மூட்டுவலிக்காரர், எளிமையானவர். ஊரிலிருந்து வந்து மூன்று வருடமாக நாலே நாலு புடவையைத்தான் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறார்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அலமாரி நிரம்பி வழிகிறது என்று எனக்குக் கடிதம் வராத மாதமே இல்லை. அதற்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை நீங்களே ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். மூட்டுவலி. கட்டிலுக்கு அடியில் பை. நாலே நாலு புடவை. மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

இன்று மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது ஒரு காரியம் செய்யுங்கள். முட்டியை மடக்காமல் அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பாருங்கள். பாதி வந்ததும் அதன் கைப்பிடிக் கட்டை கட்டில் சட்டத்தில் இடித்து நிற்கும். அதைப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். அப்புறம் தரையில் உட்கார்ந்து, மேலே இருப்பதையெல்லாம் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் ஐந்தாவது புடவையை உருவ வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் உள்ளே வைத்து, பையைத் தள்ளிவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். உங்கள் முட்டிக்கே இது வேலை. அவர் முட்டிக்கு?

அந்த நாலு புடவை எவை என்று எனக்குத் தெரியும். கொடியில் காய்ந்து, எடுத்து மடித்து, நாற்காலி முதுகிலோ தலையணைக்குப் பக்கத்திலோ கிடப்பவை. கைக்கு எட்டுவதைக் கட்டிக்கொள்கிறார். எளிமை கிளிமை எல்லாம் ஒன்றும் இல்லை அம்மா, அவரால் குனிய முடியவில்லை, அவ்வளவுதான். குனிய முடியாதவரைப் பார்த்து எளிமையானவர் என்று எழுதக் கை எப்படி வந்தது?

மருமகளை மட்டும் திட்டுகிறாளே என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய திட்டு இருக்கிறது. அவரைப் பெற்றவள் அவர். அவருடைய சட்டைக்கு அலமாரியில் நிச்சயம் ஒரு தட்டு இருக்கும். பெற்றவளின் துணி எங்கே இருக்கிறது என்று மூன்று வருடத்தில் ஒரு நாளாவது கேட்டாரா? இந்தப் பக்கத்தை அவர் காபி குடிக்கும்போது எதிரில் வையுங்கள்.

பையிலிருந்து துணி எடுத்துக் கட்டுவது விருந்தாளி. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறவருக்குப் பை போதும். ஊரை விட்டு, அங்கே ஒரு பீரோவோ டிரங்குப் பெட்டியோ வைத்திருந்த வாழ்க்கையை விட்டு உங்களோடு இருக்க வந்தவருக்குத் தட்டு வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. இடம் இல்லை என்ற பதிலை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ஒன்றரை அடி ஆழ அலமாரியில் என்னென்ன அடைந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

சொல்லட்டுமா? வெற்றிலை பாக்கோடு வந்த ஜாக்கெட் பிட் ஒரு கட்டு. இளைத்ததும் போடலாம் என்று எடுத்து வைத்த சுடிதார் ஏழெட்டு. உறை பிரிக்காத பெட்ஷீட். மகள் மூன்றாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குப் போட்ட ஜிகினாப் பாவாடை. ஜாக்கெட் பிட்டை வரும் நவராத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். வீடு வீடாகச் சுற்றுவதற்கென்றே பிறந்த சாமான் அது. சுடிதாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பைப் யோசனையை விட்டுவிடுங்கள். சட்டை மாட்டும் ஹேங்கரே ஏறக்குறைய 17 அங்குலம். சட்டையை மாட்டினால் தோள்பட்டை பக்கம் இன்னும் கொஞ்சம் நீளும். உங்கள் அலமாரி ஆழமே 18 அங்குலம். கதவு மூடாது. ஆசாரிகள் வார்ட்ரோபுக்கு இரண்டடி ஆழம் வைப்பது இதனால்தான். அதோடு புடவையோ சட்டையோ தொங்க இரண்டடி, மூன்றடி உயரம் வேண்டும். உங்கள் தட்டுகளுக்கு நடுவில் அவ்வளவு இடைவெளி இருக்காது. கடப்பா கல்லை உடைக்க ஓனர் விடமாட்டார்.

அட்டைப்பெட்டி நல்ல யோசனை. ஷூ கடையில் கேட்டால் காலிப் பெட்டி சும்மாவே கொடுப்பார்கள். அலமாரியில் நீளவாட்டில் உள்ளே தள்ளினால் ஒரு தட்டில் நான்கு பெட்டி பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முன்பக்கம் இரண்டு ஓட்டை போட்டுப் பழைய பாவாடை நாடாவைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். இழுத்தால் டிராயர் மாதிரி வரும். துணியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதால்தான் சரிகிறது. ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். ஒன்றை உருவினால் மற்றது அசையாது.

பெட்டிக்கு மேலே காகிதம் ஒட்ட மைதா பசை காய்ச்சாதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகும். பழைய காட்டன் புடவையில் உறை தைத்து மாட்டினால் கழற்றித் துவைக்கலாம். கடைசித் தட்டில் மட்டும் அட்டை வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் முதலில் கீழேதான் ஏறும். ஓதமும் அட்டையும் சேர்ந்தால் கரையான் வர வெகுநாள் ஆகாது. அங்கே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி வையுங்கள்.

தட்டுகளுக்கு நடுவில் பாதி உயரம் வீணாகப் போகும். பிளைவுட் கடையில் வெட்டிப்போட்ட துண்டு கிடைக்கும். இரண்டரை அடி நீளத்தில் ஒன்று வாங்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டையைக் கால் மாதிரி அடித்தால் தட்டுக்குள் ஒரு குட்டித் தட்டு. சுவரில் ஆணி இல்லை, ஓனருக்கும் பேச இடமில்லை.

பட்டுப்புடவையைக் கடை கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே வைக்காதீர்கள். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறியும். அந்துருண்டை போடுவதாக இருந்தால் துணியில் படாமல் பொட்டலம் கட்டி மூலையில் வையுங்கள். கைக்குழந்தை வந்து போகும் வீடென்றால் அதுவும் வேண்டாம், வசம்பே போதும்.

இப்போது யாருக்கு எந்தத் தட்டு என்பதை நான் சொல்கிறேன், மாற்றாதீர்கள். கீழிருந்து மூன்றாவது தட்டு உங்கள் அத்தைக்கு. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வரும் உயரம், குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். கீழிருந்து இரண்டாவது மகளுக்கு. குனிகிற வயது அவளுக்குத்தான். உச்சித் தட்டு உங்கள் வீட்டுக்காரருக்கு. தினமும் கை தூக்கிச் சட்டை எடுக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. அத்தை குளிக்கப் போன நேரத்தில் நீங்களாகப் பையைக் கவிழ்த்து அடுக்கிவிடாதீர்கள். கட்டிலில் பையை வைத்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அத்தை, எதை எங்க வைக்கட்டும்?" என்று கேளுங்கள். "எனக்கு எதுக்கும்மா தட்டு, பாப்பாவுக்குக் கொடு" என்பார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் என் முகத்தில் முழிக்காதீர்கள். பைக்குள் பாஸ்புக் இருக்கும், மாமாவின் போட்டோ இருக்கலாம், கைக்குட்டையில் முடிந்த பணம் இருக்கலாம். முடிச்சை அவரே அவிழ்க்கட்டும். அவர் தட்டில் வைக்கும் பெட்டி ஒன்றுக்கு மூடியும் சின்னப் பூட்டும் போடுங்கள். சாவி அவர் இடுப்பில்.

நான் சொன்னதெல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும். மீதியில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி அலமாரிக்குப் பக்கத்தில் போடுங்கள், அவர் உட்கார்ந்து மடிக்க. காலியான கட்டைப்பையைச் சமையலறையில் வையுங்கள். ரேஷன் அரிசி வாங்க ஆகும்.