ராமேஸ்வரத்தில் படகுச் சவாரி: எந்த மாதம் போகலாம்?

வாசகர் கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. பிள்ளைகளுக்கு 6, 10 வயது. ராமேஸ்வரம் போகும்போது குடும்பத்தோடு கடலில் ஒரு படகுச் சவாரி போக ஆசை. பொங்கல் விடுமுறை, மே விடுமுறை, அரையாண்டு விடுமுறை, எது நல்லது? "எங்கள் கடல் வருஷம் முழுக்க அமைதிதான், நவம்பரில் வந்தால் பாதி விலை" என்கிறார் அங்கே ஏற்பாடு செய்து தரும் ஒருவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். நவம்பரை முதலில் அடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் அங்கே படகுகள் சும்மா கட்டிக் கிடக்கின்றன, அதனால்தான் பாதி விலை. கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. ஒக்கி குமரியை உலுக்கியது 2017 நவம்பர் 30. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 இரவு, அதாவது உங்கள் அரையாண்டு விடுமுறை தொடங்குகிற அதே சமயம். ஒவ்வொரு வருஷமும் புயல் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தை நம்பி ரயில் டிக்கெட் போட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்துவிட்டோமே என்று கடைசியில் யாராவது ஒருவர் படகில் ஏறிவிடுகிறார்கள். எனக்குப் பயம் அதுதான்.

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வாடைக் காற்று தணிந்துகொண்டே வரும், வெயிலும் அம்மாவை வாட்டாது. பொங்கலுக்குத்தான் முடியும் என்றால் அதுவும் பரவாயில்லை, ஆனால் எந்தப் பக்கம் படகு ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தில் இருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைவு. உள்ளூரில் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆழமானது. அது ஆண் கடல். நடுவே தீவு ஒரு சுவர் மாதிரி நீளமாகக் கிடக்கிறது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது வடக்குப் பக்கம் அலை எழும்பும், தெற்குப் பக்கம் சுவரின் மறைவில் அடங்கியிருக்கும். மே மாதத்திலிருந்து கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் இது அப்படியே தலைகீழ்: தெற்கே கொந்தளிக்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். ஒரே நாளில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரு பக்கம் படகு போகலாம், இன்னொரு பக்கம் போகக் கூடாது. ஆகவே பொங்கலுக்குப் போனால் தெற்குப் பக்கம், மே மாதம் போனால் வடக்குப் பக்கம். "கடல் எப்படி இருக்கு பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால், அது எந்தப் பக்கம், எந்த நாள் எடுத்தது என்று கேளுங்கள். பதில் உடனே வராது.

எந்த மாதமானாலும் காலை ஆறரைக்கு ஏறி, ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படும். மதியத்துக்கு மேல் அது வலுத்துவிடும். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் மூன்று மணிக்குத் தூக்கித் தூக்கிப் போடும். சாயங்காலம் சூரியன் மறைவதைக் காட்டுகிறோம் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மே மாதத்தில் இன்னொரு வலை விரித்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கத்துக்கான தடை அது, கடலின் நிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த நாட்களில் சும்மா நிற்கும் படகில் ஆளுக்கு இவ்வளவு என்று பேசி, இடைத்தரகர்கள் கூட்டம் ஏற்றிவிடுவார்கள். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு ஆளேற்றுவதற்கான படகு அல்ல. அதில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்காது, மிதவை உடை இருக்காது. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் 2017 பிப்ரவரி 26 அன்று அளவுக்கு மேல் ஆளேற்றிய படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். பிப்ரவரி! நான் மேலே நல்ல காலம் என்று சொன்ன அதே மாதம். கேரளத்தில் தானூரில் 2023 மே 7 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை. இரண்டு இடத்திலும் சுமைதான் காரணம்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கெடுபிடி வருகிறது, சோதனை நடக்கிறது, கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி. வானிலை மையம் தினமும் மீனவர்களுக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆனால் சுற்றுலாப் பயணி ஏறும் படகுத்துறையில் அதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்க எத்தனை வருஷம் வேண்டும்? துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண் வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு எப்படிப் புரியும்? கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் நீங்களே பாருங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் செய்தியில் "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று" என்ற வரி வந்தால் அடுத்த நாள் படகு வேண்டாம், தெற்கோ வடக்கோ. காற்றே இல்லாமல் கடல் திடீரென்று ஏறும் நாட்களும் உண்டு, அதைக் கள்ளக்கடல் என்பார்கள். தூரத்துப் பெருங்கடலில் எழுந்த அலை வந்து சேர்வதால் அப்படி ஆகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அது கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கரையோரம்கூட நிற்காதீர்கள்.

தீவில் இறக்கிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும், தரகர் அங்கே இருக்கமாட்டார். வனத்துறையே நடத்தும் படகு கிடைத்தால் அதில் போங்கள்.

ஏறும்போது அம்மாவைப் படகின் பின்பகுதியில் உட்கார வையுங்கள், முன்முனைதான் அதிகம் எகிறும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சின்ன அளவு மிதவை உடை கேளுங்கள். பெரியவர்களுடையதைப் போட்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். சின்ன அளவு இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம், முன்பணம் போனாலும் சரி.