மகள் புள்ளிவிபரம் படிக்கட்டும், அம்மா

பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. பௌதிக விஞ்ஞானத்துக்குப் போய், புள்ளிவிபரவியல் படித்து, பெண்களின் சுகாதாரத் தரவுகளில் வேலை செய்யப் போகிறேன் என்று மகள் சொல்கிறாள். "இது நர்ஸ் வேலையா, கிளார்க் வேலையா? பொம்பிளைப் பிள்ளை பிரசவக் கணக்கு எழுதுறதுக்கா கணிதம் படிச்சவள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமில்லை. வேலை என்னவென்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

மூதூரில் ஒரு பெண் கருவுற்றால், அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் 'மிட்வைஃப் மிஸ்' என்று கூப்பிடுபவர், எச் 513 பதிவேட்டில் அவரைப் பதிகிறார். எச் 512 அட்டையை எழுதித் தாயின் கையில் கொடுக்கிறார். எட்டு வாரத்துக்கு முன் பதிந்தாரா, ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழா, அதாவது இரத்தச்சோகையா என்பதெல்லாம் மாத அறிக்கையாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கே காலாண்டுக்கு ஒருமுறை எச் 509 என்ற ஒரே அறிக்கையாகத் திரண்டு, கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்தைச் சேரும். இன்று இது டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருளில் கட்டிய இணைய முறையில் நடக்கிறது. இலங்கையின் தாய் மரண வீதம் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 30 அளவில் என்று பத்திரிகையில் வாசிக்கிறோமே, அதன் அடியில் இப்படிப்பட்ட அட்டைகளும் பதிவேடுகளும்தான் கிடக்கின்றன.

கூட்டிப் பெருக்குவதைக் கணினி செய்துவிடும். யாரை, எங்கே, எதற்குக் கீழே வைத்து எண்ணினார்கள் என்று கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். முதல் சிக்கலைப் பாருங்கள். கிண்ணியாவில் கட்டிக்கொடுத்த பிள்ளை தலைப்பிரசவத்துக்கு நிலாவெளித் தாய்வீட்டுக்கு வருகிறாள், நகரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறாள். பதிவாளர் பிறப்பை நிகழ்ந்த இடத்தில் பதிவார். மிட்வைஃப் வசிக்கும் இடத்தை வைத்து எண்ணுவார். தாய்வீட்டுப் பக்கத்து மிட்வைஃபும் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பார். ஒரு பிள்ளை இரண்டு பதிவேட்டில் ஏறலாம், ஒன்றிலும் ஏறாமலும் போகலாம். சில பிரிவுகளில் சேவை கிடைத்தவர்களின் வீதம் 100ஐத் தாண்டி 108 என்று வருவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று பகுதியெண், அதாவது வீதம் எடுக்க நாங்கள் பிரிக்கும் கீழ் எண், பழையதாக இருப்பது: 2012 குடிசன மதிப்புக்குப் பிறகு அடுத்தது 2024இல்தான் நடந்தது, இடையில் எல்லாம் மதிப்பீடு.

இரண்டாவது சிக்கல் சின்ன எண்கள். ஒரு மாவட்டத்தில் வருடத்துக்கு 7,000 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். தாய் மரணம் ஒன்று என்றால் வீதம் 14.3. இரண்டு என்றால் 28.6. மூன்று என்றால் 42.9. ஒரேயொரு மரணம் கூடினாலும் 'மாவட்டத்தில் தாய் மரணம் பாய்ச்சல்' என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். மூன்று அல்லது ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். தாய் மரணம் என்றால் கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் நேர்வது. வீதி விபத்து அதில் சேராது. இந்த வரைவிலக்கணம் பிசகினால் மீதிக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வீண்.

மூன்றாவது, வெற்றுக் கட்டத்தைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்வது. மிட்வைஃப் பதவி வெற்றிடமாக இருந்த பகுதியில் அந்தக் காலாண்டில் எண் எதுவும் வராது. கணினியில் அது 0 ஆக விழுந்தால், அங்கே இரத்தச்சோகையே இல்லை என்று அறிக்கை வரும். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சனத்தொகை சுகாதார ஆய்வுகளை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 1987, 1993 ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. நாடு முழுவதையும் தொட்டது 2016 ஆய்வுதான். அதில் மொத்தக் கருவள வீதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 2.2. 'அன்றும் இன்றும்' என்று கோடு வரைபவர், அன்றைய கோட்டில் திருகோணமலை இல்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். அந்த ஆய்வில் கேள்வி கேட்டது 15 முதல் 49 வயது வரையான, திருமணமான அல்லது முன்பு திருமணமாகியிருந்த பெண்களிடம் மட்டும். 2019 பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, துணைவரோடு வாழ்ந்த ஐந்து பெண்களில் ஒருவர் அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னது. அப்படியான பதில் தனியறையில், பெண்ணிடம், சொந்த மொழியில் கேட்டால்தான் வரும். மாமி பக்கத்தில் இருந்தால் 'அப்படி ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார்கள். தமிழ் பேசும் பெண் ஒருவருக்கு இந்தத் துறையில் உள்ள இடம் இதிலேயே தெரிகிறதல்லவா.

இனிப் படிப்பு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் விருப்ப வரிசைதான் உயிர். மேலே போட்ட ஒன்று கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று விருப்பமில்லாததை முதலில் போடவேண்டாம். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொழும்பிலும் பேராதனையிலும் புள்ளிவிபரவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம், யாழ்ப்பாணத்தில் கணிதத்தோடு சேர்த்துப் படிக்கலாம். பிள்ளை வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் வீட்டுக்குக் கிட்ட, உண்மைதான். ஆனால் தூரத்தை மட்டும் வைத்து வரிசை போடாதீர்கள். மூன்றாம், நான்காம் வருடத்தில் மாதிரியெடுப்பு, உயிரியல் புள்ளிவிபரம் கற்பிக்கிறார்களா என்று பாடத்திட்டத்தில் பாருங்கள். கலைப்பிரிவில் படித்த தங்கை யாராவது இருந்தால், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் குடித்தொகையியல் துறை இருக்கிறது என்பதையும் காதில் போட்டுவையுங்கள்.

அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் மூன்று வேலை போதும். எக்ஸெல்லில் பிவட் அட்டவணை, அதாவது நீண்ட பட்டியலை வகை பிரித்துத் தொகுக்கும் வசதி. இலவசமான ஆர் மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்து வீதம் கணக்கிட்டு வரைபடம் போடும் அளவு. சிங்களம்: அரச சேவைக்குள் போனால் இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி கேட்பார்கள், கொழும்பில் கூட்டங்களும் அதில் நடக்கும். தனியார் நிலையங்களின் 'டேட்டா சயன்ஸ்' டிப்ளோமாவுக்கு இப்போதே இலட்சக்கணக்கில் கட்டாதீர்கள். பட்டத்தின் முதல் வருடத்தில் அதில் பாதி வந்துவிடும்.

வேலை விடயத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குடும்ப சுகாதாரப் பணியகத்தில் தலைமை இடங்கள் சமுதாய மருத்துவ நிபுணர்களுக்கு, அவர்கள் டொக்டர்மார். புள்ளிவிபரம் படித்தவர்களுக்கு நிரந்தரமான வாசல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம். புள்ளிவிபரவியலாளர், புள்ளிவிபர உத்தியோகத்தர் பதவிகள் வர்த்தமானியில் வரும், போட்டிப் பரீட்சை இருக்கும், வருடந்தோறும் வரும் என்று நம்பியிருக்க முடியாது. ஐ.நா. முகவரகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் சம்பளம் நல்லது, ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி தேட வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்க வீட்டில் கொஞ்சம் பொறுமை இருக்க வேண்டும். அது உங்கள் பங்கு.

பிள்ளைக்கு இது உண்மையில் பிடிக்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசம், ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் மாவட்ட அட்டவணை ஒன்றை எடுத்து, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை வரிசைகளை மட்டும் எக்ஸெல்லில் பதியச் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்கு முன் பதிந்த தாய்மார் வீதம் போதும். பிறகு ஒரு பக்கம் எழுதட்டும், தமிழில்: எந்த மாவட்டம் குறைவு, பகுதியெண் என்ன, அந்த வித்தியாசத்தை நம்பலாமா. இரண்டு பின்னேரம் எடுக்கும். அரைமணியில் எழுந்து போனால் விருப்ப வரிசையை மறுபடி பேசலாம். சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் இருந்தால், படிவத்தை நிரப்பிவிடுங்கள்.