சுருக்கத்துக்கு எந்த சீரம்?

கேள்வி: வயது 42. கண்ணோரம் கோடுகள் விழ ஆரம்பித்துவிட்டன. மூன்று சீரம் வாங்கி ஒரே வாரத்தில் பூசினேன், முகம் சிவந்து எரிகிறது. எதைத் தொடரலாம்?

பதில்: இப்போதைக்கு மூன்றையும் நிறுத்துங்கள். எரிச்சல் அடங்கும் வரை மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், இவ்வளவு போதும். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்றே ஒன்றைத் தொடங்குங்கள். சுருக்கத்துக்கு நான் முதலில் சொல்வது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால்தான், ஏனென்றால் அது தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுகிறது, பழைய செல்கள் சீக்கிரம் உதிரவும் உதவுகிறது. 0.2 அல்லது 0.3 சதவீதம் போதும். வாரம் இரண்டு இரவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கண் இமையிலும் உதட்டோரத்திலும் படக்கூடாது. முதல் சில வாரம் லேசாகத் தோல் உரியும், பயப்பட வேண்டாம், மாய்ஸ்சரைசரை முதலில் பூசிவிட்டு அதன்மேல் தடவினால் தாங்கும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ ரெட்டினால் வேண்டவே வேண்டாம்.

வைட்டமின் சி பிறகு காலையில் சேர்க்கலாம். பாட்டிலில் திரவம் பழுப்பாக மாறியிருந்தால் அது வீணாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

ஆனால் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை விட்டுவிட்டு எந்த சீரம் பூசினாலும் பணம்தான் நஷ்டம். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள், கழுத்தையும் விட்டுவிடாதீர்கள்.