பேக்கப் ஏற்றியதும் ரோபோவில் சிஸ்ட்-212 அலாரம் வருகிறது. அப்ளை கொடுத்தால் போதுமா?

அப்ளை கொடுத்தால் அலாரம் போய்விடும். அதுதான் எனக்குக் கவலை.

ஃபானுக் நிறுவன ரோபோவின் கன்ட்ரோலரில் டிசிஎஸ் என்பது ரோபோ எதுவரை போகலாம், எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைக் கண்காணிக்கும் பகுதி. அமைப்புகளின் பிரதி ஒன்றைத் தனக்கெனத் தனியாக வைத்திருக்கும். நீங்கள் எதையோ மாற்றி, அது அந்தப் பிரதியோடு ஒத்துப்போகாவிட்டால் சிஸ்ட்-212 வரும். அப்ளை கொடுத்தால் புதியதை அப்படியே எடுத்துக்கொள்ளும். புதியது சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது.

எங்கள் வெல்டிங் லைனில் ஒருமுறை என்கோடர் பேட்டரி போய்விட்டது; அச்சு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் என்கோடரின் நினைவைக் காப்பது அதுதான். பவர் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டியதை, ஆஃப் செய்துவிட்டு மாற்றினோம். சரி, அது வேறு கதை. நைட் ஷிஃப்ட் தம்பி ஒவ்வொரு அச்சையும் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்து மாஸ்டரிங் செய்தான், அதாவது இதுதான் பூஜ்யம் என்று ரோபோவுக்குச் சொல்லிக்கொடுத்தான். உடனே சிஸ்ட்-212. அப்ளை கொடுத்தான், டிசிஎஸ் கேட்கும் கோட் நம்பர் (பாஸ்வேர்டு) போட்டான், பவர் ஆஃப் ஆன் செய்தான். ஒரு அலாரம்கூட இல்லை. முதல் பீஸிலேயே டார்ச் போய், பீஸைப் பிடித்திருக்கும் ஜிக்கில் இடித்தது. பார்த்தால் முதல் அச்சு 2 டிகிரி தள்ளியிருந்தது. கை ஒன்றரை மீட்டர் நீண்டிருந்தால் நுனியில் அது 5 சென்டிமீட்டர். ரோபோ எங்கே இருக்கிறது என்பதையே டிசிஎஸ் மாஸ்டரிங்கை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஆக, வேலிக்குள் நிற்க வைக்கும் எல்லையும் கூடவே தள்ளிப் போயிருந்தது. வெல்டிங் என்பதால் மாட்டியது. பெட்டி அடுக்கும் ரோபோவாக இருந்தால் பாயின்ட்டுகளை டச்-அப் செய்துவிட்டு, அதாவது புரோகிராமில் இடங்களை மட்டும் திருத்திவிட்டு, மாதக்கணக்கில் ஓட்டியிருப்போம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அது எந்த ரோபோவின் பேக்கப்? பக்கத்து ரோபோவும் அதே மாடல்தானே என்று அதன் பேக்கப்பை மொத்தமாக ஏற்றியிருந்தால், சிஸ்மாஸ்ட் ஃபைலோடு அதன் மாஸ்டரிங்கும் வந்திருக்கும். ஒரே மாடலாக இருந்தாலும் அந்த எண்கள் ரோபோவுக்கு ரோபோ வேறு. அப்ளை கொடுக்கும் முன் டிசிஎஸ் மெனுவைத் திறந்து, எந்த வரியில் 'சேஞ்ச்டு' என்று நிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் தெரிந்து மாற்றிய வரி மட்டும் இருந்தால் சரி. தெரியாத வரி ஒன்று இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். பழைய பேக்கப்பில் டிசிஎஸ் வெரிஃபை ரிப்போர்ட் இருக்கும். அதையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்து சிக்னேச்சர் எண்களை, அதாவது அமைப்பு மாறினால் கூடவே மாறும் எண்களை, ஒப்பிடலாம்.

கூடவே சர்வோ-230 அல்லது 231 வந்தால் அது அமைப்புக் கோளாறே இல்லை. கேட் ஸ்விட்ச், எமர்ஜென்சி பட்டன் போன்றவற்றின் இரண்டு வயர்களில் ஒன்று திறந்து மற்றது மூடியே இருக்கிறது என்று அர்த்தம். லூஸ் கனெக்‌ஷனையும் ஒட்டிக்கொண்ட ரிலேவையும் தேடுங்கள். சாதாரண ரீசெட்டுக்கு மசியாது. அதற்கென்று தனி ரீசெட் இருக்கிறது, ஆனால் காரணத்தைச் சரிசெய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் டி1 மோடில், அதாவது நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மிகாமல், ரோபோவை எல்லைவரை ஓட்டி எங்கே நிற்கிறது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். கோட் நம்பரையும் மாற்றிவிடுங்கள். எங்கள் கன்ட்ரோலர் கதவிலேயே மார்க்கரில் எழுதி வைத்திருந்தார்கள்.