இதயத்துக்கு உகந்த குக்கீ: கேள்வி பதில்

கேள்வி: வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய் சேர்த்தால் குக்கீ தட்டையாகப் பரவிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அளவைப் பாருங்கள். வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதமே கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு ஈடாக 80 கிராம் எண்ணெய் போதும். அடுத்து, கெட்டியான வெண்ணெயைச் சர்க்கரையுடன் அடிக்கும்போது அதற்குள் காற்று தங்கும், எண்ணெயில் தங்காது. எனவே பிசைந்த கலவையை ஒரு மணி நேரமாவது குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மாவு ஈரத்தை நன்றாக உறிஞ்சிய பிறகே சுட வேண்டும். இத்தனை சிரமம் வீண் அன்று. 20 குக்கீகளுக்கு 100 கிராம் வெண்ணெய் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 2.5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கும். சூரியகாந்தி எண்ணெயில் செய்தால் அது அரை கிராமைத் தாண்டாது. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் இந்தக் கொழுப்புக்கே பெரும்பங்கு இருப்பதால், குக்கீயில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதையே நான் முதலாவதாக வைப்பேன். கலோரி மட்டும் குறையாது. 100 கிராம் வெண்ணெய், 80 கிராம் எண்ணெய் இரண்டிலும் ஏறக்குறைய 700தான். மறவாமல் தராசில் நிறுத்துச் சேருங்கள். கோப்பை அளவை நம்ப வேண்டாம்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம்; ஆனால் தேனும் சர்க்கரைதான். வழக்கமான அளவில் கால் பங்கைக் குறைப்பதே உண்மையான பலன் தரும். அதற்கும் கீழே போனால் நிறமும் மொறுமொறுப்பும் போய்விடும்.

கேள்வி: ஓட்ஸ் குக்கீ கொலஸ்ட்ராலைக் குறைக்குமா?

பதில்: ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து, நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் உடலில் சேர்ந்தால் எல்.டி.எல்.லைக் குறைக்கிறது. 100 கிராம் ஓட்ஸில் அது சுமார் 4 கிராம் உண்டு. அந்த ஓட்ஸை 20 குக்கீகளாகப் பிரித்தால், வேண்டிய 3 கிராமைப் பெற நீங்கள் அன்றாடம் 15 குக்கீகளைத் தின்றாக வேண்டும். ஓட்ஸைக் கஞ்சியாகக் குடியுங்கள். குக்கீயில் மைதாவுக்கு மாற்றாக மட்டும் வையுங்கள்.

கேள்வி: தாவர எண்ணெய் நல்லது என்றால் தேங்காய் எண்ணெயும் நல்லதுதானே?

பதில்: இல்லை. அதில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயிலோ ஏறத்தாழ பாதிதான்.

கேள்வி: ஆனால் அது நல்ல கொலஸ்ட்ராலையும் உயர்த்துகிறதே ஐயா! அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதியாக இருக்கும் லாரிக் அமிலம் எச்.டி.எல். எனப்படும் நல்ல கொலஸ்ட்ரால், எல்.டி.எல். இரண்டையுமே உயர்த்துகிறது. எச்.டி.எல். உயர்ந்துவிட்டாலே இதயம் தப்பிவிடும் என்ற அனுமானம்தான் தவறு. எச்.டி.எல்.லைப் பெருமளவு உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை 2006இல் நிறுத்தப்பட்டது. காரணம், அதை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடியிருந்தன. ஒன்று உயர்வதைக் காட்டி மற்றொன்றின் உயர்வை மன்னிக்க முடியாது.

கேள்வி: சூடேற்றாமல் பிழிந்த தேங்காய் எண்ணெய்க்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். பிழியும் முறை மணத்தை மாற்றும். கொழுப்பமிலங்களின் விகிதத்தை மாற்றாது. தேங்காய் எண்ணெயைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

கேள்வி: பழுப்புச் சர்க்கரை?

பதில்: தேனுக்குச் சொன்ன பதிலில் தேனை அடித்துவிட்டுப் பழுப்புச் சர்க்கரை என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி கேட்கவிருக்கும் பேரீச்சம்பழப் பாகுக்கும் அதுவே பதில்.

கேள்வி: கொழுப்பே இல்லாமல் மசித்த வாழைப்பழத்தில் செய்யலாமா?

பதில்: செய்தால் கிடைப்பது கேக். பாதிக் கொழுப்பை மட்டும் மாற்றினால் மென்மையான குக்கீ கிடைக்கும். பழத்தையும் நிறுத்தே சேருங்கள்.

கேள்வி: இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பை விட்டுவிட்டேன். போதுமா?

பதில்: நல்ல கேள்வி; பலர் சமையல் சோடாவை மறந்துவிடுகிறார்கள். அதன் எடையில் கால் பங்குக்கும் மேல் சோடியம். ஒரு தேக்கரண்டியில் சுமார் 1,250 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்போ 2,000 மில்லிகிராமுக்கும் குறைவு. 200 கிராம் மாவுக்குக் கால் தேக்கரண்டி சோடா தாராளம்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை குக்கீ தரலாம்?

பதில்: இதற்கு அவருடைய மருத்துவரோ உணவியல் நிபுணரோதான் பதில் சொல்ல வேண்டும். அவர்களிடம் போகும்போது, சேர்த்த பொருள்களின் எடையையும் குக்கீகளின் எண்ணிக்கையையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.