ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்: டாக்டரிடம் முதலில் எதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 67. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். திடீரென்று படபடப்பு வரும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அடங்கிவிடும். கடைசியில், கருவியை உடம்பில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனையில் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன், அதாவது இதயத் துடிப்பு தாளம் தவறும் நோய், என்று தெரிந்தது. துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். களைப்பு போகவில்லை. டாக்டரிடம் துருவிக் கேட்கத் தயக்கம். வீட்டிலோ 'எல்லாம் மனப்பிரமை' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: களைப்புக்கு அப்புறம் வருகிறேன். 'ஒரு மாத்திரை மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த நோயில் பெரிய பயம் படபடப்பு அல்ல, பக்கவாதம். இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். மற்றவர்களைவிட இந்த அபாயம் சுமார் 5 மடங்கு. படபடப்பு எப்போதாவதுதான் வருகிறது என்பதால் அபாயம் இல்லாமல் போய்விடாது.

இந்த அபாயத்தை டாக்டர்கள் மதிப்பெண் போட்டுக் கணக்கிடுவார்கள். 65 வயது தாண்டியதற்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1. உங்களுக்கு 2 வந்துவிட்டது. சர்க்கரை நோயோ இதயச் செயலிழப்போ இருந்தால் இன்னும் கூடும். 2 வந்தாலே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பொதுவாகப் பரிந்துரைக்கப்படும். "என் மதிப்பெண் எவ்வளவு? வார்ஃபரின், அபிக்ஸபான் மாதிரி மருந்து எனக்கு வேண்டாம் என்றால் என்ன காரணம்?" என்று நேராகக் கேளுங்கள். ரத்தக்கசிவு, சிறுநீரகப் பிரச்சினை என்று காரணம் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது.

சரி, களைப்பு. நோயாலும் வரலாம், துடிப்பைக் குறைக்கும் மாத்திரையாலும் வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை வேகத்தைக் குறைக்குமே தவிர, தாளத்தைச் சீராக்காது. சீராக்கத் தனி மருந்துகளும், தாளத்தைக் கெடுக்கும் மின்துடிப்புகளை இதயத்துக்குள்ளேயே தடுக்கும் அப்லேஷன் சிகிச்சையும் உண்டு. நோய் கண்டுபிடித்த ஓராண்டுக்குள் அதில் இறங்குவது பலருக்கு நல்லது என்று 2020-இல் வெளியான 'ஈஸ்ட்' (EAST) என்ற மருத்துவ ஆய்வு காட்டியது. அதனால் இதய மின்னியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது கருத்து கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது.

'களைப்பாக இருக்கு' என்றால் யாருமே கடந்துபோய்விடுவார்கள். 'முன்பு நிற்காமல் ஏறிய மாடிப்படியில் இப்போது பாதியில் உட்காருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். படபடப்பு வந்த தேதி, நீடித்த நேரம், நாடித்துடிப்பு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஹோல்டர் அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். துணைக்கு, மனப்பிரமை என்று சொன்னவரையே கூட்டிப்போங்கள். டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டால், அவரும் காதால் கேட்டுவிடுவார்.

இதே நோய் உள்ளவர்களிடம் பேசுவதும் நல்லதுதான். படபடப்போடு தூங்காமல் கிடக்கும் இரவு எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மருந்தின் அளவை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். வயது, எடை, சிறுநீரகத்தைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும்.

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குளறினாலோ, நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தாலோ இந்த அரைப் பக்கத்தையெல்லாம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.