மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறைச் சட்டமன்ற உறுப்பினராக பி. இராமசாமி எதில் அக்கறை காட்டினார்?

பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 2008இல் பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் அன்றைய முதலமைச்சர் கோ சூ கூனையே வீழ்த்தினார். பிறையிலும் வென்று, 2023 வரை பினாங்கின் இரண்டாவது துணை முதலமைச்சராக இருந்தார்.

தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும்தான் அவர் அக்கறை. கல்வி மத்திய அரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில். ஆகவே பள்ளிக்கு மாநிலத்தால் செய்ய முடிவது பெரும்பாலும் நிலமும் மானியமும்தான். அவரைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்து அறப்பணி வாரியத் தலைவராக அவர் கொண்டுவந்த தங்க ரதம், 2017 தைப்பூசத்தில் முருகனின் வேலைச் சுமந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டது. செட்டியார்களின் வெள்ளி ரதம் இருக்க இன்னொன்று எதற்கு என்ற முணுமுணுப்பும் கூடவே கிளம்பியது. அந்தக் கேள்வி நியாயமானது என்பதே என் எண்ணம்.

2023 மாநிலத் தேர்தலில் அவருடைய கட்சியான ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) அவரை நிறுத்தவில்லை. கட்சியிலிருந்து விலகி, 'உரிமை' என்ற புதுக் கட்சியைத் தொடங்கினார்.